அந்நியரும் உறவினரும்: ஐரோப்பியரின் குணம் எங்கிருந்து வந்தது?

1997 மே மாதம். நியூயார்க் நகரின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் ஓர் உணவகம். டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ஓர் இளம்பெண், தன் பதினான்கு மாதக் குழந்தையைத் தள்ளுவண்டியோடு வாசலில் நிறுத்திவிட்டு, குழந்தையின் தகப்பனோடு உள்ளே போய் உட்கார்ந்தார். கண்ணாடிச் சன்னல் வழியே வண்டி தெரிந்துகொண்டுதான் இருந்தது. தெருவில் போனவர்களுக்கு மனம் கேட்கவில்லை. யாரோ போலீசுக்குச் சொல்ல, தாயும் தகப்பனும் கைதானார்கள். குழந்தையை நகர நிர்வாகம் வளர்ப்புக் குடும்பம் ஒன்றில் விட்டது. நான்கு நாள் கழித்துத்தான் குழந்தை தாயின் கைக்கு வந்தது. வழக்கு பிறகு கைவிடப்பட்டது. கோபன்ஹேகனில் இந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு அந்தத் தாய் செய்த குற்றம் என்னவென்றே விளங்கவில்லை. அங்கே காபிக் கடை வாசலில் தள்ளுவண்டிகள் வரிசையாக நிற்கும். குளிர்காலத்திலும் கம்பளிக்குள் மூக்கு மட்டும் தெரியக் குழந்தைகள் வெளியே தூங்கும்.

2011 மே மாதம். நார்வேயின் ஸ்டாவங்கர் நகரம். கொல்கத்தாவைச் சேர்ந்த ஒரு தம்பதியின் இரண்டு குழந்தைகளை அந்த ஊர்க் குழந்தைநலத் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இரண்டும் சின்னஞ்சிறுசுகள், இளையது கைக்குழந்தை. கையால் சோறு ஊட்டியதையும் பிள்ளையைத் தங்களோடு ஒரே கட்டிலில் படுக்கவைத்ததையும் குறையாக எடுத்துக்கொண்டார்கள் என்று பெற்றோர் சொன்னார்கள். பண்பாட்டு வேற்றுமை காரணமே அல்ல, குழந்தைகளின் நலம்தான் காரணம், விவரங்களை வெளியிட முடியாது என்று நார்வே தரப்பு சொன்னது. இரு நாட்டு அரசுகளும் தலையிட்டபின், 2012 ஏப்ரலில் குழந்தைகள் தகப்பனின் சகோதரரோடு இந்தியா வந்து சேர்ந்தார்கள்.

இரண்டு கதைகளிலும் பிள்ளைமேல் பாசம் இல்லாதவர் எவரும் இல்லை. வேறுபட்டது நம்பிக்கை வைத்த இடம். டேனிஷ் தாய் தெருவை நம்பினார். தெருவில் போகிற முகம் தெரியாத மனிதர்கள் குழந்தைக்குத் தீங்கு செய்யமாட்டார்கள் என்பது அவருக்கு யோசித்துப் பார்க்கவேண்டிய விஷயமாகவே இருக்கவில்லை. கொல்கத்தாப் பெற்றோர் தங்கள் மடியையும் கையையும் நம்பினார்கள். நார்வேயோ 1981இலேயே, உலகத்திலேயே முதலாவதாக, குழந்தைகளுக்கென்று தனிக் குறைதீர்ப்பு அதிகாரியை நியமித்த நாடு. பிள்ளைக்கு வீட்டைத் தாண்டியும் ஒரு காவல் வேண்டும் என்று கருதும் அரசு அது.

ஐரோப்பியரின் குணத்தை மற்றக் கண்டத்தாரோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கைகுலுக்கல், கடிகாரம், சிரிக்காத முகம் என்று தொடங்குவார்கள். அவை மேல்பூச்சு. அந்நியரிடம் எவ்வளவு, உறவினரிடம் எவ்வளவு என்ற பங்கீட்டில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. அந்தப் பங்கீடு ரத்தத்திலோ வெயிலிலோ பிறந்ததல்ல. தடைகளாலும் சட்டங்களாலும் வேலைமுறைகளாலும் செய்யப்பட்டது. பல இடங்களில் அது நடந்த ஆண்டையே குறித்துச் சொல்லலாம். குழந்தையை வெளியே தூங்கவைக்கும் வழக்கத்தையே பார்க்கலாம். ஃபின்லாந்தில் அதை 1920களில் பரப்பியவர் ஆர்வோ யில்ப்போ என்ற குழந்தை மருத்துவர். பிள்ளைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்பது அவருடைய வைத்தியம். இன்று அது வடவரின் இயல்பு போலத் தோன்றுகிறது.

தட்பவெப்பம்தான் குணத்தைச் செய்கிறது என்ற எண்ணத்துக்கு ஐரோப்பாவில் பெரிய பெயர்கள் துணை நின்றன. 1748இல் வெளிவந்த ‘சட்டங்களின் ஆன்மா’வில் பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ ஓர் ஆட்டு நாக்கைப் பற்றி எழுதியிருக்கிறார். அதன் மேல்தோலில் இருந்த சிறு முளைகளைக் கவனித்துவிட்டு, பாதி நாக்கை உறையவைத்துப் பார்த்தார். குளிரில் முளைகள் சுருங்கிவிட்டன. குளிர் விட்டதும் மறுபடி எழும்பின. அதிலிருந்து அவர் எட்டிய முடிவு: குளிர்நாட்டார்க்கு உணர்ச்சி குறைவு, உறுதி அதிகம், வெப்பநாட்டார்க்கு உணர்ச்சி மிகுதி, உழைப்பு குறைவு. ஓர் ஆட்டின் நாக்கிலிருந்து இந்தியா வரைக்கும் போய்விட்டார்.

குளிர் மனிதரை ஒதுங்கவைக்கும் என்றால் மங்கோலியர்கள் வாயே திறக்கக் கூடாது. அவர்களுடைய குளிர்காலம் ஃபின்லாந்தினதைவிடக் கொடியது. ஆனால் மேய்ச்சல் நிலத்துக் கூடாரத்துக்குள் நுழைகிற வழிப்போக்கனுக்கு, யார் என்ன என்று கேட்கும் முன்பே உப்பிட்ட பால் தேநீர் கைக்கு வந்துவிடும்.

அதே 1748இல் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் நாட்டினங்களின் குணங்களைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். காற்றும் வெயிலும் அல்ல, ஆட்சிமுறையும் தொழிலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் பழகிக்கொள்வதுமே குணத்தை ஆக்குகின்றன என்பது அவர் வாதம். இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகும் அது நிற்கிறது. ஆனால் 1753 பதிப்பில் அதே கட்டுரைக்கு ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்து, கறுப்பின மக்கள் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்று எழுதினார். தன் கட்டுரை முழுதும் மறுத்த கருத்தை ஒரு குறிப்பில் உள்ளே விட்டுவிட்டார். இனங்களின் குணத்தைப் பற்றிப் பேசும் எவருக்கும் கால் வழுக்கும் இடம் அதுதான். இந்த எழுத்தும் அந்த இடத்தைக் கண்முன் வைத்துக்கொண்டே நடக்கவேண்டும்.

ஐரோப்பியர்தான் உலகத்தை அளந்தார்கள், மற்றவர்கள் அளக்கப்பட்டார்கள் என்ற எண்ணமும் தவறு. மாண்டெஸ்கியூவின் நூலுக்கு முப்பது ஆண்டுக்கும் மேல் முன்னதாகவே தரங்கம்பாடியில் தமிழர்கள் ஐரோப்பியரை எடைபோட்டு எழுதியிருக்கிறார்கள். டென்மார்க் அரசர் அனுப்பி 1706இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவும், பிறகு வந்து சேர்ந்த அவருடைய தோழர் கிரண்ட்லரும், 1712 முதல் 1714 வரை தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிப் பதில் கடிதங்கள் வாங்கினார்கள். ஏறத்தாழ நூறு கடிதங்கள் ஜெர்மன் மொழியில் ஆக்கப்பட்டு ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போயின. கிறிஸ்தவரைத் தமிழர் ஏன் மதிப்பதில்லை என்ற கேள்விக்கு வந்த பதில்கள் ஒளிவுமறைவு இல்லாதவை. பசுவைக் கொன்று தின்கிறார்கள், குடித்து நிலைதடுமாறுகிறார்கள், உடல் சுத்தம் பேணத் தெரியவில்லை. ஐரோப்பாவின் வேதம் நல்லதாக இருக்கலாம், ஐரோப்பியரின் நடத்தையில் அதைக் காணோம் என்பதே சாரம். அக்காலத் தமிழருக்கு ஐரோப்பியர் என்றால் ஒழுங்கும் தூய்மையும் அல்ல, அழுக்கும் ஆரவாரமும்.

1862இல் லண்டனுக்கு வந்த ஜப்பானியத் தூதுக்குழுவில் ஒருவரான ஃபுகுசாவா யுகிச்சியின் திகைப்பு வேறு வகை. கட்சிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன, அவர்கள் அரசியலில் எதிரிகள் என்று அவருக்கு விளக்கப்பட்டது. அப்புறம் பார்த்தால் அந்த எதிரிகள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். இது புரியத் தனக்கு வெகுகாலம் பிடித்தது என்று தன்வரலாற்றில் அவர் சொல்கிறார். கருத்தை வெட்டலாம், கருத்துக்காரரோடு சோறு உண்ணலாம் என்ற பிரிவு உலகத்தில் எல்லா இடத்திலும் இயல்பாக விளைவதில்லை. உறவும் பகையும் குடும்பத்தோடு குடும்பமாக வருகிற ஊரில், மேசையைப் பகிர்ந்தால் பக்கம் சாய்ந்ததாகவே பொருள்.

குடும்பம் என்று வந்தபின், ஐரோப்பியக் குணத்தைப் புரிந்துகொள்ளத் தமிழைப்போல உதவுகிற மொழி அதிகம் இல்லை.

அமெரிக்காவின் லூயிஸ் ஹென்றி மார்கன், செனெகா என்ற பூர்வகுடியினரின் உறவுமுறைச் சொற்களைச் சேகரித்தபோது ஒரு விந்தையைக் கண்டார். அவர்களுக்குத் தகப்பனின் சகோதரனும் தகப்பன். தாயின் சகோதரன் வேறு ஆள். 1850களின் முடிவில், ஆற்காடு மிஷனில் பணியாற்றிய ஸ்கட்டர் என்ற பாதிரியாரிடம் தமிழ் உறவுமுறையைக் கேட்டார். பெரியப்பா, சித்தப்பா இருவரும் அப்பாக்கள். மாமா அப்பா அல்ல. பெரியம்மா, சித்தி இருவரும் அம்மாக்கள். அத்தை அம்மா அல்ல. கடலுக்கு இரு கரையிலும் ஒரே கணக்கு. பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சான்று என்று மார்கன் எடுத்துக்கொண்டது பிழையான தாவல். ஆனால் 1871இல் அவர் வெளியிட்ட பெருநூலிலிருந்துதான் உறவுமுறை ஆய்வு என்ற துறையே எழுந்தது. அதன் அடித்தளத்தில் ‘மாமா’ என்ற தமிழ்ச் சொல் கிடக்கிறது.

இப்போது ஆங்கிலத்தைப் பார்க்கலாம். அங்கிள் என்ற ஒரே சொல்லில் பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை புருஷன், சித்தி புருஷன் அனைவரும் அடக்கம். எப்போதும் அப்படி இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் தாய்மாமனுக்கு ஏயம், தகப்பனின் உடன்பிறந்தானுக்கு ஃபெடெரா என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. அத்தைக்கும் சித்திக்கும்கூட வேறு வேறு சொற்கள். ஜெர்மனிலும் தாய்மாமனுக்கு ஓஹைம் என்ற தனிச்சொல் இருந்தது. பிரெஞ்சிலிருந்து வந்த சொற்கள் இரண்டையும் விழுங்கிவிட்டன. தாய்மாமன் யார், சித்தப்பா யார் என்று பிரித்துச் சொல்லவேண்டிய தேவை குறைந்துகொண்டே போனதும் அந்த இழப்புக்கு வழிவிட்டிருக்கவேண்டும்.

தேவையைக் குறைத்ததில் ரோமத் திருச்சபைக்குப் பெரும் பங்கு உண்டு. சொந்தத்துக்குள் கல்யாணம் கூடாது என்று அது பல நூற்றாண்டுகளாகத் தடையை இறுக்கிக்கொண்டே போயிற்று. 11ஆம் நூற்றாண்டில் தடை உச்சத்தைத் தொட்டது. ஏழு தலைமுறைக்குள் பொதுப் பாட்டன் ஒருவன் இருந்தாலும் அந்த ஆணும் பெண்ணும் மணக்கக் கூடாது. ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நின்றவர் வீட்டிலும் பெண்ணெடுக்கக் கூடாது. சின்னக் கிராமங்களில் மாப்பிள்ளை கிடைப்பதே பாடாகிப்போன நிலையில், 1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கம் ஏழை நான்காகக் குறைத்தது. நான்கு தலைமுறையும் கடுமைதான். அத்தை மகனும் மாமன் மகளும் பிறக்கும்போதே முறை என்று எண்ணுகிற ஒரு சமூகத்திலிருந்து பார்த்தால், இந்தத் தடை எவ்வளவு ஆழத்தில் வெட்டியிருக்கும் என்பது உடனே விளங்கும். முறைப்பெண் இல்லை என்றால் முறைமாமன் இல்லை. முறைமாமன் இல்லை என்றால் சீர் இல்லை, உரிமை இல்லை, சண்டை இல்லை, சமாதானம் இல்லை. நிலமும் பகையும் நட்பும் தலைமுறை தலைமுறையாக ஒரே வளையத்துக்குள் சுற்றிவருவதும் இல்லை.

வளையம் அறுந்த மனிதர்கள் வேறு வளையம் தேடினார்கள் என்பது மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக்கும் அவருடைய சகாக்களும் முன்வைக்கிற வாதம். கைத்தொழில் சங்கம், மடம், பல்கலைக்கழகம், சாசனம் பெற்ற நகரம் ஆகிய எல்லாவற்றிலும் சேர்வதற்கு ரத்த உறவு தேவையில்லை. விதியை ஏற்றால் போதும். ஒரு வட்டாரம் எத்தனை நூற்றாண்டு மேற்குத் திருச்சபையின் கீழ் இருந்ததோ, அந்த அளவுக்கு அங்கே அந்நியர்மேல் நம்பிக்கை கூடியிருக்கிறது என்று 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு காட்டியது. தடை ஏன் போடப்பட்டது என்பதற்கு, அதற்கு முன்பே 1983இல், மானிடவியலாளர் ஜாக் கூடி ஒரு கடுமையான விளக்கம் கொடுத்திருந்தார்: வாரிசில்லாத சொத்து கோயிலுக்குப் போய்ச் சேரும்.

இந்த விளக்கம் பாதி வழிதான் கொண்டுபோகும். உறவின் பிடி தளராத தெற்கு இத்தாலியிலும் அயர்லாந்திலும் திருச்சபை இல்லையா என்ன? மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் ஹைனல் 1965இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து திரியெஸ்தே வரை ஒரு கோடு வரைந்தார். கோட்டுக்கு மேற்கே பெண்கள் இருபதுகளின் நடுவில்தான் மணந்தார்கள். கணிசமானோர் மணக்கவே இல்லை. குடியானவன் பிள்ளைகள் பதின்பருவத்திலேயே அடுத்த ஊரில் யாரோ ஒருவர் வீட்டில் வேலைக்குப் போய், கூலி சேர்த்து, பத்து ஆண்டு கழித்துத் தனிக்குடித்தனம் தொடங்கினார்கள். பதினைந்து வயதில் அந்நியர் வீட்டுச் சோற்றை உண்டு, அந்நியரின் கட்டளைக்கு நடந்து பழகிய பிள்ளைக்கு, அந்நியர் என்பவர் அச்சத்துக்குரியவராக இருந்திருக்க முடியாது. ஆவணங்களில் கிடைக்கும் விளக்கங்களில் இதுவே மிகவும் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

சொற்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் தாய்மாமன் மூர்புரூர், சித்தப்பா ஃபார்புரூர். அம்மாவின் அம்மாவுக்கும் அப்பாவின் அம்மாவுக்கும்கூடத் தனித்தனிச் சொற்கள். உறவைத் தமிழ்போலப் பிரித்துச் சொல்லும் அந்த ஸ்வீடன்தான் உலகத்திலேயே தனிமனிதப் போக்கு மிகுந்த நாடுகளில் ஒன்று.

ஸ்வீடனை இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. ஸ்வீடிஷ்காரர் என்றால் மேலதிகாரியையும் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர் என்று உலகம் நினைக்கிறது. 60 ஆண்டுக்கு முன்பு கதை வேறு. ‘இயக்குநர் காபி சாப்பிடுகிறாரா?’ என்று எதிரில் நிற்கிற இயக்குநரிடமே படர்க்கையில் கேட்கவேண்டும். ‘ஐயா எப்போ வந்தாங்க?’ என்று ஐயாவிடமே கேட்கும் பேச்சு வழக்கை அறிந்த தமிழருக்கு இதில் வியப்பு இல்லை. பட்டம் தெரியாவிட்டால் வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் தடுமாறவேண்டும். 1967இல் நாட்டின் மருத்துவ நிர்வாகத் துறைக்குத் தலைவராக வந்த புரூர் ரெக்ஸெட், இனி எல்லோரையும் ‘து’ என்று, அதாவது நீ என்று, ஒருமையில் அழைப்பதாகவும், தன்னையும் பெயர் சொல்லியே அழைக்கவேண்டும் என்றும் அறிவித்தார். வேலையிடங்களில் ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்த மாற்றத்துக்கு அவர் அடையாளமானார். அவருடைய பெயரான புரூருக்குச் சகோதரன் என்றே பொருள். சில ஆண்டுகளுக்குள் நாடு முழுதும் ஒருமைக்கு மாறியது. அரச குடும்பம் மட்டும் விலக்கு. பேராசிரியரைப் பட்டம் சொல்லிப் படர்க்கையில் அழைப்பது மரபு என்று வளர்ந்த ஒருவர் நாற்பது வயதில் அவரை ஒருமையில் அழைத்தார். வானம் இடிந்து விழவில்லை.

அந்த நாட்டின் சட்டங்களும் அதே திசையில் போயின. 1971 முதல் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி வருமான வரி. 1979இல், உலகிலேயே முதலாவதாக, பிள்ளையைப் பெற்றோர் அடிப்பதற்குத் தடை. மாணவர் உதவித்தொகைக்குத் தகப்பன் வருமானம் பார்ப்பதில்லை. யாரையும் யாரும் சார்ந்திருக்காதபோதுதான் அன்பு உண்மையாக இருக்கும் என்பதை ஸ்வீடனின் காதல் கோட்பாடு என்று வரலாற்றாசிரியர்கள் ஹென்ரிக் பெர்க்ரனும் லார்ஷ் த்ரேகோர்தும் 2006இல் எழுதிய நூலில் விளக்கினார்கள். கணவனிடமிருந்து மனைவியையும், தகப்பனிடமிருந்து பிள்ளையையும், பிள்ளையிடமிருந்து முதியவரையும் அரசு விடுவிக்கிறது. விடுவித்தபின் அவர்கள் விரும்பினால் ஒருவரையொருவர் நேசிக்கலாம்.

ஆசியாவின் சட்டங்கள் எதிர்த்திசையில் நடந்தன. 1995இல் சிங்கப்பூர், 2007இல் இந்தியா, பெற்றோரைப் பேணாத பிள்ளைமேல் முறையிட வழிசெய்து சட்டம் இயற்றின. வயதான பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்கவேண்டும் என்று சீனா 2013இல் நடைமுறைக்கு வந்த சட்டத்திலேயே எழுதியது. பாசம் தானாக ஓடுகிற இடத்தில் இந்தச் சட்டங்களுக்கு வேலை இருந்திருக்காது. உறவையே காப்பாக வைத்திருக்கும் சமூகங்களில் அந்தக் காப்பு நைந்துவருவதையும் இவை சொல்கின்றன.

2022இல் ஒரு சர்ச்சை உலகமெங்கும் பேசப்பட்டது. ஸ்வீடனில் விளையாடவந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையை அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வீட்டார் மட்டும் இரவு உணவு உண்பார்கள் என்று பலர் தம் சிறுவயது நினைவுகளைப் பகிர்ந்தார்கள். ஆசியரும் ஆப்பிரிக்கரும் அரபியரும் பதறிப்போனார்கள். அந்தப் பதற்றம் நியாயமானதே. பசித்த பிள்ளை பசித்த பிள்ளைதான். ஸ்வீடிஷ் தரப்பு விளக்கத்தையும் கேட்கவேண்டும்: அந்தப் பிள்ளைக்கு வீட்டில் தாய் சமைத்துவைத்திருப்பாள், அவளுடைய ஏற்பாட்டில் தலையிடக் கூடாது, அவளுக்குக் கடன் வைக்கவும் கூடாது. சோறு போடுவது உறவைத் தொடங்கும் செயல் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்கிறது. ஒரு பக்கம் அதற்காகவே போடுகிறது. மறுபக்கம் அதற்காகவே தயங்குகிறது.

அந்நியர்மேல் வைக்கும் நம்பிக்கையை அளக்கும் முயற்சிகளில் புகழ்பெற்றது தொலைந்த பர்ஸ் ஆய்வு. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000க்கு மேற்பட்ட பர்சுகள். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரி கண்ணாடித்தாள் உறை. அதற்குள் பெயரும் மின்னஞ்சலும் அச்சிட்ட அட்டைகள், ஒரு சாவி, உள்ளூர் மொழியில் கையால் எழுதிய மளிகைப் பட்டியல். சிலவற்றில் பணம், சிலவற்றில் இல்லை. வங்கி, தபால் நிலையம், விடுதி போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில், தெருவில் கிடந்தது என்று கொடுத்துவிட்டு ஆய்வாளர் போய்விடுவார். உரியவருக்கு மின்னஞ்சல் வருகிறதா என்பதே கணக்கு. 2019இல் முடிவு வெளியானது. ஸ்விட்சர்லாந்தும் நார்வேயும் டென்மார்க்கும் மேலே. சீனாவும் பெருவும் மொராக்கோவும் கீழே. 38 நாடுகளில், பணம் இருந்த பர்சுகளுக்கே கூடுதல் பதில் வந்தது என்பது எல்லா மனிதருக்கும் பெருமை தரும் செய்தி. ஆனால் உலகப் பத்திரிகைகள் பட்டியலைத்தான் அச்சிட்டன.

சீன ஆய்வாளர்கள் சில ஆண்டு கழித்து அதையே தங்கள் நாட்டின் பத்து நகரங்களில் மறுபடி செய்தார்கள். இந்தத் தடவை மின்னஞ்சலோடு நிறுத்தவில்லை. பர்ஸ் கொடுத்த இடத்துக்குத் திரும்பிப்போய்க் கேட்டார்கள். மின்னஞ்சல் அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட பர்சுகள் பத்திரமாக இருந்தன. உரியவர் வந்து கேட்பார் என்று எடுத்து வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த ஆளின் நேர்மையில் குறையில்லை. தேடிப்போய்த் தெரிவிப்பது நேர்மை என்று ஓர் ஊர் எண்ணுகிறது, கேட்டு வரும்வரை காத்துவைப்பது நேர்மை என்று இன்னோர் ஊர் எண்ணுகிறது. அளவுகோலைச் செய்தவர் தன் ஊர் வழக்கத்தையும் சேர்த்தே அதில் செதுக்கிவிட்டார். நாடுகளைத் தரவரிசைப்படுத்தும் எந்தப் பட்டியலையும் இந்தச் சீன ஆய்வை நினைவில் வைத்தே படிக்கவேண்டும்.

இருந்தாலும் வேறுபாடே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நெதர்லாந்தின் ஃபான்ஸ் திரோம்பெனார்ஸ் பல நாட்டு மேலாளர்களிடம் ஒரு பழைய கேள்வியைக் கேட்டார். நண்பர் ஓட்டும் காரில் நீங்கள் இருக்கிறீர்கள். அவர் வேகமாக ஓட்டி ஒருவர்மேல் மோதிவிடுகிறார். வேறு சாட்சி இல்லை. வேகம் குறைவாகத்தான் இருந்தது என்று சொல்ல முடியுமா? ஸ்விட்சர்லாந்தில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், பொய் சொல்லச்சொல்லும் உரிமை நண்பருக்கு இல்லை என்றார்கள். வெனிசுவேலாவில் அப்படிச் சொன்னவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவே. வெனிசுவேலாக்காரர் நேர்மையற்றவர் என்பதல்ல இதன் பொருள். நண்பரைக் கைவிடுவதே அவருக்கு நேர்மைக்கேடு. தன் அண்ணனுக்காக நீதிமன்றத்தில் வாய்மூடி நின்ற எவரையும் தமிழ்க் கிராமமும் எளிதில் பழிக்காது. ஆனால் அடிபட்டுக் கிடப்பவருக்கும் ஒரு வீடு உண்டு என்பதை மறந்தால்தான் அந்த விசுவாசம் அழகாகத் தெரியும்.

விதி மாறினால் நடத்தை எவ்வளவு விரைவில் மாறும் என்பதற்கு நியூயார்க்கே இன்னொரு சான்று தருகிறது. ஐநா தூதர்கள் வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்தினாலும் 2002 வரை அபராதம் வசூலிக்க வழியில்லை. குவைத் தூதர் ஒருவருக்குச் சராசரியாக ஏறத்தாழ 250 மீறல்கள், நார்வே, ஸ்வீடன் தூதர்களுக்கு ஒன்றுமில்லை, ஜப்பானியருக்கும் இல்லை. 2002 இறுதியில் மீறியவர்களின் தூதரக எண்பலகையைப் பறிக்க நகருக்கு அதிகாரம் வந்ததும் மீறல்கள் 98 சதவீதம் விழுந்துவிட்டன. நூற்றாண்டுப் பழக்கம் என்று எண்ணியது சில வாரங்களில் கரைந்தது.

ஐரோப்பா என்று ஒரே மூச்சில் பேசுவதற்கும் ஓர் எல்லை உண்டு. 2022 கணக்கின்படி ஃபின்லாந்து இளைஞர் சராசரியாக 21 வயதில் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறுகிறார். குரோஷியாவில் 33 வயதில். முன்பின் தெரியாதவர் எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்று 42 நாடுகளில் கேட்ட ஆய்வில், மிகவும் தள்ளி நிற்கச் சொன்னவர்களில் ருமேனியர் இருந்தார்கள். மிக நெருங்கிநிற்க இசைந்தவர்கள் அர்ஜென்டினர்கள். ஜெர்மானியர் நேரம் தவறாதவர் என்பது உலக நம்பிக்கை. ஆனால் 2023இல் ஜெர்மனியின் தொலைதூர ரயில்களில் சரியான நேரத்துக்கு வந்தவை மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. அங்கே ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட தாமதம் தாமதமாகவே எண்ணப்படுவதில்லை. ஜப்பானில் 2017 நவம்பரில் ஒரு ரயில் 20 நொடி முன்னதாகக் கிளம்பியதற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

மென்மையான ஐரோப்பியர் என்பவரும் பிற்காலத்து ஆள். இடைக்கால இங்கிலாந்தில் லட்சம் பேரில் ஆண்டுக்கு இருபது பேர் அளவில் கொலையுண்டார்கள். இன்று அது ஒன்றையொட்டி நிற்கிறது. 1530இல் அறிஞர் எராஸ்மஸ் சிறுவர்களுக்கு எழுதிய நடத்தை நூலில், மூக்கைச் சட்டைக் கையில் துடைக்காதே என்று சொல்லவேண்டியிருந்தது. 1608இல் இத்தாலி போய் முள்கரண்டியைக் கண்டுவந்த ஆங்கிலேயர் தாமஸ் கோர்யட், ஊருக்குத் திரும்பி அதைப் பயன்படுத்தியபோது நண்பர்களின் கேலிக்கு ஆளானார். அக்காலத்து ஆங்கிலேயர் பெரும்பாலும் கையால்தான் சாப்பிட்டார்கள்.

அந்நியரை நம்பும் சமூகம் அதற்கு விலையும் கொடுத்திருக்கிறது. ஸ்வீடனில் ஐந்தில் இரண்டு வீடுகளுக்கு மேல் ஒற்றை ஆள் வீடுகள். 2018இல் பிரிட்டன் தனிமைத் துயருக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தது, 2021இல் ஜப்பானும். உறவை நம்பும் சமூகம் கொடுக்கும் விலை வேறு: சொந்தக்காரர் இல்லாத அலுவலகத்தில் காகிதம் நகராது, சாதிக்கு வெளியே மணந்த பெண்ணுக்கு ஊரே அந்நியமாகிவிடும். முறைமாமனின் அன்பும் முறைமாமனின் அரிவாளும் ஒரே வளையத்துக்குள்தான் இருக்கின்றன. இதை எழுதும்போது மனம் கனக்கிறது. ஆனாலும் ஒப்பீடு என்று இறங்கியபின் இதைச் சொல்லாமல் விடுவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம்.

இரண்டு பங்கீட்டையும் ஒரே உடம்பில் சுமப்பவர்களும் இருக்கிறார்கள். 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பி நார்வே போன தமிழர்கள் பலர், வடகோடியில் ஃபின்மார்க் கரையின் மீன் பதனிடும் கூடங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிறகு பெரும்பாலோர் ஒஸ்லோ பக்கம் இறங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெள்ளிக்கிழமை வரைக்கும் வகுப்பாசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் ‘வணக்கம் ரீச்சர்’ என்று எழுந்து நிற்கிறார்கள். அம்மாவின் தம்பியும் அப்பாவின் தம்பியும் நார்வேஜியப் பேச்சில் ஒரே ஒங்கெல். வீட்டுக்கு வந்தால் ஒருவர் மாமா, ஒருவர் சித்தப்பா. விருந்தாளிகள் வரும் நாளில் அந்தப் பிள்ளை வாசலில் நின்று, யார் எந்தப் பக்கத்துச் சொந்தம் என்று அம்மாவிடம் தணிந்த குரலில் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கிறது.